நிலமற்ற உருவங்கள்: எசாயஸ் பூர்ஸின் கொழும்பு வரைவேடும் (1662) திணைநோக்கின் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

ஆம்ஸ்டர்டாம் ஓவியர் எசாயஸ் பூர்ஸ் (1631–1672) டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியாளராகக் கொழும்பில் இருந்தபோது, 1662-இல் வரைந்த 116 கோட்டோவியங்கள் அடங்கிய வரைவேடு ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. டச்சு நிலக்காட்சி வரைவு மரபில் இவ்வேட்டிற்குரிய இடத்தையும், 1659–61 ஆண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கைக்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட தமிழ் மக்களின் வரலாற்றோடு இவ்வேட்டிற்குள்ள தொடர்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வேட்டைத் திணைக்கோட்பாட்டின் வழி வாசிக்க முயலும்போது கோட்பாடு எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பதும், அவ்வெல்லையைத் தொல்காப்பியமே வகுத்துள்ளது என்பதும் கட்டுரையின் மையக் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: எசாயஸ் பூர்ஸ், நிலக்காட்சி, கோட்டோவியம், திணை, அடியோர், வினைவலர், நாகப்பட்டினம், கொழும்பு

முன்னுரை

ஒல்லாந்தர் என்றதும் தமிழாய்வாளர் நினைவுக்கு முதலில் வருபவர் பிலிப்புஸ் பால்டேயுஸ். யாழ்ப்பாணத்தில் சமயப்பணி ஆற்றிய அவர், 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெருநூலில் தமிழ் எழுத்துகளையும் இலக்கணக் குறிப்புகளையும் அச்சிட்டார். அதனால் மொழி வரலாற்றிலும் அச்சு வரலாற்றிலும் அவருக்கு நிலையான இடம் உண்டு. அந்நூலின் செப்புத்தகட்டுப் படங்களான யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களும் கரையோரக் கோட்டைகளும் நம் நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகின்றன. பால்டேயுஸ் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில் கொழும்பில் கையில் வரைவேட்டுடன் இருந்த ஓவியர் ஒருவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. அவருடைய படங்கள் அவர் வாழ்நாளில் அச்சேறாமை இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், அவற்றில் தமிழ் எழுத்தோ தமிழகக் கோயிலோ முன்னிற்காமை. நம் ஆய்வுக் கண், எழுத்தையும் கட்டடத்தையும் தேடப் பழகியது. உழைத்துக் களைத்த உடலைச் சான்றாகக் கொள்ளும் பழக்கம் நமக்கு இன்னும் போதிய அளவு வரவில்லை.

நிலக்காட்சி ஓவியம் ஒன்றைத் தமிழ்த்துறையில் ஆராயப் புகுவோர் எடுக்கும் முதற்கருவி திணைக்கோட்பாடே ஆகும். முதல், கரு, உரி என்ற பகுப்பு எந்நாட்டு நிலத்திற்கும் பொருந்தும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். இக்கட்டுரையும் அந்நோக்கில்தான் தொடங்கப்பெற்றது. ஆனால் பூர்ஸின் தாள்களைத் தொடர்ந்து பார்த்தபோது, கருவி பொருந்தாத இடமே மிகுதியும் பேசுவதாகத் தோன்றியது.

நிலம் தானே பொருளாதல்

டச்சு மொழியின் 'லாண்ட்ஸ்காப்' என்னும் சொல் ஒரு நிலப்பகுதியையும் அதன் படத்தையும் ஒருசேரக் குறிப்பது. ஆங்கிலம் அச்சொல்லைக் கடன்பெற்றது. நாம் 'நிலக்காட்சி' என்கிறோம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பிய ஓவியத்தில் நிலம் பெரும்பாலும் விவிலிய நிகழ்வுக்கோ புராணக் கதைக்கோ பின்னணியாகவே இருந்தது. கதையை நீக்கி நிலத்தை மட்டும் நிறுத்திய தொடக்க முயற்சிகளுள் பெரிதும் பேசப்படுவது ஹென்ட்ரிக் கோல்ட்சியுஸ் 1603-இல் ஹார்லெம் நகரருகே வரைந்த மணற்குன்றுக் காட்சியாகும். ரோட்டர்டாமின் பொய்மன்ஸ் வான் பொய்னிங்கன் அருங்காட்சியகத்தில் உள்ள அப்படம் ஏறத்தாழ அஞ்சலட்டை அளவே உடையது. பழுப்பு மையில் இறகுப் பேனாவின் சிறு கோடுகளும் புள்ளிகளும் சேர்ந்து, குன்றின் மேலிருந்து காணும் வயல், மரவரிசை, தொலைவிலுள்ள தொடுவானம் ஆகியவற்றை உருவாக்குகின்றன. மலையுமில்லை, பாறையுமில்லை, தட்டையான நிலந்தான். அந்தத் தட்டைமையே காணத்தக்கது என்று சொன்னதுதான் புதுமை. பின்னர் எசாயஸ் வான் டி வெல்டே, யான் வான் கோயன், யாகோப் வான் ரெய்ஸ்டால் எனத் தொடர்ந்த மரபு இங்கிருந்து கிளைத்தது.

அடுத்த ஆண்டு, 1604-இல், ஹார்லெமிலேயே காரெல் வான் மாண்டர் தம் ஓவியர் நூலை வெளியிட்டார். அதில் அவர் பயன்படுத்தும் ஓர் இணை தமிழ் வாசகர்க்கு அந்நியமானதன்று. 'உயிரைப் பார்த்து வரைதல்' என்பது ஒன்று. 'உள்ளத்திலிருந்து வரைதல்' என்பது மற்றொன்று. கண்முன் உள்ளதைக் கண்டவாறே எழுதுவது முன்னது. கண்டவற்றை நினைவிற் சேர்த்து, கற்பனையால் ஒழுங்குபடுத்தி எழுதுவது பின்னது. உலகியல் வழக்கு, நாடக வழக்கு எனத் தொல்காப்பியம் கூறும் இணையை இதனோடு ஒப்பிடலாம். எனினும் ஒரு வேறுபாட்டை மறைத்துவிடக் கூடாது. தொல்காப்பியத்தில் இரண்டும் கூடியே புலனெறி வழக்கம் ஆகிறது. டச்சு ஓவியர்க்கோ இரண்டும் வேறுவேறு வேலைகள், வேறுவேறு இடங்களில் நிகழ்பவை. வெளியிற் சென்று கோட்டோவியம் எழுதுவர். வீட்டுக்குள் அமர்ந்து வண்ண ஓவியம் தீட்டுவர். ஆகவே வரைவேடு என்பது விற்பனைக்குரிய முடிந்த பொருளன்று, பெரும்பாலும் ஓவியனின் சேமிப்பு.

இம்மரபின் ஒரு கூறு இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. நிலக்காட்சியில் இடம்பெறும் சிற்றுருவங்களை 'ஸ்டஃபாஷ்' என்பர். தமிழில் 'நிரப்புருவம்' எனலாம். வான் கோயன் 1650-களின் தொடக்கத்தில் கருஞ்சுண்ணக் கோலால் எழுதிய நூற்றுக்கணக்கான தாள்களில் படகோட்டி, மீனவர், வண்டிக்காரர் என இவ்வுருவங்கள் வந்துகொண்டே இருக்கும். அவர்கள் யார் என்ற வினாவை அப்படங்கள் எழுப்புவதில்லை. நிலத்தின் அளவைக் காட்டுவதும், அது மக்கள் வாழும் நிலம் என உணர்த்துவதுமே அவர்கள் பணி. எனினும் அவர்கள் அந்நிலத்தின் மக்கள் என்பதில் ஐயமில்லை. ஆற்றையும் படகையும் படகோட்டியையும் பிரித்துப் பார்க்கும் தேவை அங்கு எழவில்லை. திணைநோக்கு இத்தகைய படங்களுக்கு எளிதிற் பொருந்துவதன் காரணம் இதுவே.

அறையிலிருந்து கடலுக்கு

பூர்ஸ் நிலக்காட்சி ஓவியராகத் தொடங்கியவர் அல்லர். ஆம்ஸ்டர்டாமின் வாலூன் குடும்பமொன்றிற் பிறந்த அவர் இல்லத்து அறைகளை வரைந்தவர். இலண்டன் வாலஸ் தொகுப்பில் உள்ள 1656-ஆம் ஆண்டு ஓவியத்தில் ஒரு பெண் தனியே அடுப்பருகே இருக்கிறாள். ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள 1661-ஆம் ஆண்டு ஓவியத்தில் ஒரு பெண் நூற்கும் சக்கரத்தின் முன் அமர்ந்திருக்கிறாள். இவருடைய படங்கள் சில ஒரு காலத்தில் வெர்மேரின் பெயராலும் பீட்டர் டி ஹோக்கின் பெயராலும் வழங்கின. ஆயினும் அவ்விருவரின் ஒளி நிறைந்த அறைகளோடு ஒப்பிட, பூர்ஸின் அறைகள் மங்கலானவை, ஏழ்மையானவை. அங்குள்ள பெண்கள் யாரும் நம்மைப் பார்ப்பதில்லை; வேலையில் இருக்கிறார்கள். வேலையின்போது முதுகும் தோளும் கொள்ளும் வளைவை எழுதுவதில்தான் இவர் தேர்ச்சி பெற்றவர். கொழும்புத் தாள்களை மதிப்பிடும்போது இதை மனத்திற் கொள்ள வேண்டும்.

நூற்கும் பெண்ணை வரைந்து கையெழுத்திட்ட அதே ஆண்டில் அவர் கம்பெனியிற் சேர்ந்து கப்பலேறினார். வரைவேடு 1662-ஆம் ஆண்டைக் காட்டுகிறது. சில ஆண்டுகளில் ஊர் திரும்பினார். மீண்டும் கிழக்கு நோக்கிப் புறப்பட்டு 1672-இல் கடலிலேயே இறந்தார். கம்பெனிக்கு அவர் ஓவியராகச் செல்லவில்லை. சம்பளப் பணியாளர்களுள் ஒருவராகவே சென்றார். இச்சிறு செய்தியின் கனத்தை எனக்கு உணர்த்தியவர், ஒரகடம் பகுதி ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக உள்ள என் சிற்றப்பா மகன். திருப்பெரும்புதூரில் அவர் அறையில் தங்கியிருந்த ஒருநாள் மடிக்கணினியில் இப்படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், "ஏன்க்கா, இவரு எந்த ஷிப்ட்டு முடிஞ்சு வந்து இதெல்லாம் வரைஞ்சாரு?" என்றார். அதுவரை நான் படித்த கட்டுரைகள் எதனையும் இவ்வினாவோடு அணுகியிருக்கவில்லை. பணிநேரம் போக எஞ்சிய நேரத்தில், தானும் பிறர் ஏவலின்கீழ் இருப்பவன் எழுதியவை இவை. கம்பெனியின் கண்ணுக்கும் இக்கண்ணுக்கும் உள்ள உயர வேறுபாடு இங்கிருந்து தொடங்குகிறது.

மேலிருந்து கண்டதும் தரையில் நின்று கண்டதும்

கம்பெனியின் கண் மேலிருந்து பார்ப்பது. அக்காலத்தில் கீழைநாட்டுத் துறைமுகங்களின் பறவைநோக்குப் படங்களை வண்ணத்தில் எழுதிக் குவித்தவர் யோஹன்னஸ் விங்போன்ஸ். அவர் ஆம்ஸ்டர்டாமை விட்டுக் கிழக்கே வந்ததே இல்லை. மாலுமிகள் கொணர்ந்த வரைபடங்களையும் குறிப்புகளையும் வைத்துக் கோட்டையின் கொத்தளங்களையும் நங்கூரமிட்ட கப்பல்களையும் எழுதினார். பால்டேயுஸ் நூலின் கோட்டைப் படங்களும் இவ்வகையைச் சார்ந்தவையே. கண்டியில் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறையிருந்த இராபர்ட் நாக்ஸின் நூல் 1681-இல் இலண்டனில் வெளிவந்தபோது, அதன் படங்களைச் செதுக்கியவர்களும் இலங்கையைக் கண்டவர்கள் அல்லர். வான் மாண்டரின் சொல்லில் கூறினால் இவையனைத்தும் உள்ளத்திலிருந்து வரையப்பட்டவை. அந்த உள்ளம் வணிகக் கணக்கால் நிரம்பியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மேல்நோக்குப் படத்தின் இயல்பை அறியப் பதினேழாம் நூற்றாண்டிற்குச் செல்ல வேண்டுவதில்லை. திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பூங்காக்களின் மனை வரைபடங்களில் மனையெண் உண்டு, சாலை அகலம் உண்டு, ஏரிக்கு நீலநிறம் உண்டு. அதிகாலையில் ஆலைப் பேருந்துக்குக் காத்து நிற்பவர்க்கு அதில் நிறமில்லை. வரைபடம் பொய் சொல்லவில்லை. அதன் உயரத்திலிருந்து ஆட்கள் தெரியமாட்டார்கள்.

பூர்ஸ் தரையில் நின்று பார்க்கிறார். கொழும்பும் அதன் சுற்றுப்புறமும், குடிசைகள், தென்னைகள், புழங்கு கலன்கள், நிற்பவர், அமர்பவர், சுமப்பவர் என ஏடு விரிகிறது. இவ்வேட்டை 1996-இல் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. லோடவைக் வாஹனார், மீக்க பெமர் ஆகிய இருவரும் 2019-இல் அவ்வருங்காட்சியகத்தின் ஆய்விதழில் இதைப் பற்றி விரிவாக எழுதினர். கொழும்பு வாழ்வின் படப் பட்டியல் என இவ்வேட்டை அவர்கள் வகைப்படுத்துவது சரியே. ஆனால் பட்டியல் என்ற சொல் இதன் கலைத்தன்மையைச் சற்றுக் குறைத்துவிடுகிறது.

கைவண்ணத்தில் பூர்ஸ் வான் கோயனுக்கு நிகரானவர் அல்லர் என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். சில உருவங்கள் விறைத்து நிற்கின்றன. தொலைவையும் அண்மையையும் இணைக்கும் நடுநிலப்பரப்பை எழுதுவதில் அவருக்குத் தடுமாற்றம் உண்டு. அறை ஓவியருக்கு வெளியின் ஆழம் வசப்படவில்லை போலும். மரங்களும் குடிசைகளும் வரும் தாள்கள் இனியவையாயினும், ஹார்லெம் மரபின் பயிற்சியை நினைவூட்டுவதோடு நின்றுவிடுகின்றன. ஏட்டின் வலிமை மனித உருவத் தாள்களில்தான் உள்ளது. பலவற்றில் பின்புலம் ஏறத்தாழ இல்லை. காலடியில் நிழல்போலச் சில கோடுகள், அதற்குமேல் வெறுந்தாள். நிலக்காட்சியில் நிரப்புருவமாக இருந்திருக்க வேண்டியவர்கள் நிலத்தை விட்டு வெளியேறித் தாளின் முன்னே வந்து நிற்கிறார்கள். அளவு காட்டும் பணி அவர்களுக்கு இங்கில்லை. அழகுபடுத்தலும் இல்லை, அச்சுறுத்தலும் இல்லை. கீழைநாட்டவரை வியப்புப் பொருளாக்கும் அக்காலப் பயணநூற் படங்களோடு ஒப்பிட, இத்தாள்களின் அடக்கம் வியக்கத்தக்கது. ஆம்ஸ்டர்டாம் அறையில் நூற்ற பெண்ணின் முதுகை எழுதிய கைதான் இங்கும் எழுதுகிறது.

1659–61: யார் இவர்கள்?

இவ்வேட்டில் அடிமைகளும் உள்ளனர். 1662-இல் கொழும்பில் அடிமை என்றால் யார் என்ற வினாவுக்கு விடை தேடினால் நாம் சோழமண்டலக் கரைக்கு வந்து சேர்வோம்.

கொழும்பு 1656 மே மாதம் நீண்ட முற்றுகைக்குப்பின் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1658-இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் வீழ்ந்தன. போரால் பாழான கொழும்புப் புறநிலங்களில் உழவு செய்யவும் கோட்டையைத் திருத்திக் கட்டவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். எதிர்க்கரையில் அதே காலத்தில் தஞ்சைப் பகுதி பீஜப்பூர்ப் படையெடுப்புகளாலும் பஞ்சத்தாலும் நிலைகுலைந்து கிடந்தது. விசயராகவ நாயக்கரின் ஆட்சிக்காலம் அது. 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி விலைக்கு வாங்கியோர் 8,000 முதல் 10,000 பேர் என மார்கஸ் விங்க் 2003-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிடுகிறது. அவர்களுள் பெரும்பகுதியினர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் சென்றனர். இது முதல் அலையுமன்று. 1646-இல் பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டோர் 2,118 பேர் என்றும், அவர்களுள் மிகப்பலர் தென்சோழமண்டலத்தவர் என்றும் அவர் காட்டுகிறார். தென்னிந்திய அடிமைகளை இலங்கை வயல்களில் குடியேற்றிய கம்பெனிக் கொள்கையைச் சின்னப்பா அரசரத்தினம் 1958-இலேயே தம் நூலில் பேசியிருக்கிறார்.

காலக்கணக்கைப் பாருங்கள். கடைசிக் கப்பல்கள் வந்தது 1661; வரைவேடு 1662. பூர்ஸ் கண்ட அடிமைகளுள் கணிசமானோர் ஓராண்டுக்கும் ஈராண்டுக்கும் முன்புவரை காவிரிப்படுகையில் இருந்தவர்கள் என ஊகிப்பதே பொருத்தம். இவ்வூகம் ஏற்கப்படின், தஞ்சைப் பஞ்சத்தில் தப்பியவர்களை நேரிற் கண்டு வரைந்த படங்கள் இவ்வேட்டில் உள்ளன என்றாகும். நாயக்கர் காலத் தமிழகத்தின் ஓவியச்சான்று என நாம் திரட்டி வைத்துள்ளவை அரசரும் அடியாரும் தெய்வங்களும் நிறைந்த விதான ஓவியங்கள். பஞ்சத்தில் விற்கப்பட்டவர்க்கு அவற்றில் இடமிருந்ததில்லை.

இத்தொடர்பு கவனம் பெறாமைக்கு ஒரு மொழிக் காரணமும் உண்டு. ஒல்லாந்தர் அக்காலத்தில் தமிழரை 'மலபார்' என்றே எழுதினர். அடிமை விலைக்கு வாங்கப்பட்டபின் அதுவும் தேய்ந்து 'அடிமை' என்ற நிலைப்பெயரே எஞ்சுகிறது. ஆவணத்திலும் படக்குறிப்பிலும் 'தமிழர்' என்று தேடும் ஆய்வாளர்க்கு இவர்கள் அகப்படமாட்டார்கள்.

திணை நிற்கும் இடம்

இனி, திணைக்கோட்பாட்டுக்கு வருவோம். கருப்பொருள் இவ்வேட்டில் உண்டு: மரமும் கலனும் குடிலும் தனித்தனித் தாள்களில் எழுதப்பட்டுள்ளன. ஆனால் அவை பாக்கு, தென்னை, ஈரநிலம் எனக் கொழும்புக்கு உரியவை. தாளில் நிற்பவரின் சொந்த நிலத்துக்கு உரியவை அல்ல. முதற்பொருளாகிய நிலம் அவர்களின் காலடியில் நான்கு கோடுகளாகச் சுருங்கிவிட்டது. பொழுது இல்லை. உரிப்பொருள் யாதெனக் கூற எந்தக் குறிப்பும் இல்லை. முதலும் கருவும் உரியும் ஒன்றையொன்று காட்டி நிற்பதே திணையின் உயிர். இங்கு அவை ஒன்றையொன்று காட்டாமல் வெவ்வேறு தாள்களில் சிதறிக் கிடக்கின்றன.

இதைப் பாலை எனக் கூறிவிடலாமே என்பது உடனே எழக்கூடிய விடை. கருத்தரங்கொன்றில் இப்பொருள் பற்றிப் பேசியபோதும் எழுந்தது. நிலம் தன்னியல்பு திரிவதைப் பாலையென்கிறது சிலப்பதிகாரம். பஞ்சம் பட்ட தஞ்சை அவ்வாறு திரிந்த மருதமன்றோ? பிரிவும் உண்டன்றோ? கேட்பதற்கு அழகாக உள்ளது. ஆனால் பாலையின் பிரிவில் ஒருவர் செல்கிறார், ஒருவர் காத்திருக்கிறார். சென்றவர் மீள்வார் என்ற எதிர்பார்ப்பே அப்பாடல்களைத் தாங்கும் தூண். பொருள்வயிற் பிரிபவன் பொருள் தேடிச் செல்கிறான். நாகப்பட்டினத்துறையில் கப்பலேற்றப்பட்டவர் தாமே பொருளாக்கப்பட்டவர். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது கோட்பாட்டின் மீதுள்ள பற்றால் வரலாற்றை இனிமைப்படுத்துவதாகும்.

பெயர் பற்றியும் இதே எச்சரிக்கை வேண்டும். அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. பூர்ஸின் தாள்களில் நிற்பவர்க்கும் பெயரில்லை. இரண்டும் பெயரின்மைதானே என ஒப்பிடத் தோன்றும். அகத்தின் பெயரின்மை ஒரு மரபுரிமை: பெயரை நீக்குவதால் எவரும் தலைவனாக, தலைவியாக அப்பாடலுக்குள் நுழைய இயல்கிறது. அடிமையின் பெயரின்மை ஒரு பறிப்பு: தலைக்கணக்கே போதுமான இடத்தில் பெயர் வேண்டப்படவில்லை. ஒரகடத்திலிருந்து தென்கிழக்கே சென்றால் வரும் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் ஒல்லாந்தரின் கல்லறைகள் உள்ளன. கற்பலகைகளில் பெயரும் நாளும் குலச்சின்னமும் ஆழமாகச் செதுக்கப்பட்டு, உப்புக்காற்றைத் தாங்கி இன்றும் வாசிக்கும் நிலையில் இருக்கின்றன. எவர் பெயர் கல்லுக்குரியது என்பதைக் கம்பெனி தெளிவாகவே அறிந்திருந்தது.

கோட்பாடு இங்கு நின்றுவிடுவது தற்செயலன்று. அகத்திணையியலில் அடியோரையும் வினைவலரையும் பற்றிய நூற்பா ஒன்று உண்டு. அவர்களை ஐந்திணைக்குப் புறத்தே வைத்து, கைக்கிளை, பெருந்திணைக்கு உரியவராக்குகிறது அது. பிறர்க்குக் குற்றேவல் செய்வார்க்கு அறமும் பொருளும் இன்பமும் வழுவாது ஒழுகுதல் அரிது என்பது இளம்பூரணர் கூறும் காரணங்களுள் ஒன்று. இந்நூற்பாவைச் சங்ககாலச் சமூக ஏற்றத்தாழ்வுக்குச் சான்றாக எடுத்துக்காட்டிவிட்டு மேற்செல்வதே நம் வழக்கம். கோட்பாட்டு நிலையில் அதன் விளைவை நாம் போதிய அளவு எண்ணவில்லை. நிலமும் பொழுதும் ஒழுக்கமும் ஒன்றையொன்று காட்டும் அந்த ஒழுங்கு, தம் காலத்தைத் தாமே ஆள்பவர்க்கு உரியது. பிறர் ஏவலில் இருப்பவனுக்கு மாலைப்பொழுது முல்லைக்குரிய மாலையாக வருவதில்லை. பணி முடியும் நேரமாகவோ முடியாத நேரமாகவோதான் வருகிறது. இளம்பூரணர் உரை இதை இழிவாகச் சொன்னது. உண்மையைச் சொன்னது என்பதையும் மறுப்பதற்கில்லை. கலித்தொகை, கூனியையும் குறளனையும் பேசவைத்தபோது கூட நகைச்சுவை கலந்தே பேசவைத்தது. நகையில்லாமல் அவர்களைக் காணும் மொழி அம்மரபில் உருவாகவில்லை.

ஆகவே திணைக்கோட்பாட்டை இவ்வேட்டின்மீது பொருத்திப் 'பொருந்துகிறது' என முடிப்பதைவிட, அக்கோட்பாடு வெளியே நிறுத்தியவர்கள் இவ்வேட்டில் எவ்வாறு நிற்கிறார்கள் எனப் பார்ப்பதே பயனுடையது. பின்புலமற்ற வெறுந்தாள் இப்போது குறையாகத் தோன்றவில்லை. பூர்ஸ் பின்னர் நிரப்பிக்கொள்ளலாம் என விட்டிருக்கலாம், நேரமின்மையால் விட்டிருக்கலாம். காரணம் எதுவாயினும் தாள் காட்டுவது ஒன்றே: இவர்களைச் சுற்றி எழுதத்தக்க நிலம் அவர்களுடையதாக இல்லை.

ஓவியர் குறித்த ஒரு மறுப்பு

பூர்ஸை மனிதநேயராக உயர்த்தும் விருப்பம் இவ்வாசிப்பில் ஒளிந்திருப்பதாக ஒருவர் கூறலாம். அம்மறுப்பு நேர்மையானது. அடிமைகளை விலைக்கு வாங்கிய நிறுவனத்திடமே அவர் சம்பளம் பெற்றார். மீண்டும் அதன் கப்பலிலேயே ஏறினார். அடிமைமுறையை அவர் கண்டித்ததாகக் கொள்ள இவ்வேட்டில் எச்சான்றும் இல்லை. வரையப்படுபவரின் ஒப்புதல் என்ற கருத்தே அக்காலத்தில் இல்லை. ஏவலுக்கு நின்று பழகியவர் ஓவியனுக்காகவும் அசையாமல் நின்றிருப்பார். அவ்வசைவின்மையை நாம் கண்ணியம் என வாசித்துவிடும் இடர் உண்டு.

ஆயினும் இரக்கம் வேறு, கவனம் வேறு. பூர்ஸிடம் இருந்தது பின்னது. பழகிய தொழிற்கண் ஒன்று, உழைக்கும் உடல் எங்கிருந்தாலும் அதன் எடை எந்தக் காலில் இறங்குகிறது எனப் பார்த்தது. ஆம்ஸ்டர்டாமில் அக்கண் கண்டவர்க்கு ஓர் அறை இருந்தது, அடுப்பு இருந்தது. கொழும்பில் கண்டவர்க்கு அவற்றை அக்கண் கற்பித்துத் தரவில்லை. பயணநூற் படங்கள் செய்ததுபோல் பின்னால் ஒரு பனைமரத்தையோ கோபுரத்தையோ நட்டிருந்தால், நாம் அவர்களை அந்நிலத்து மக்கள் என நம்பி இன்றும் மேற்சென்றிருப்போம்.

நாகப்பட்டினத்துறைக் கப்பற்கணக்குகளும் கொழும்பு ஆட்சிக்குறிப்புகளும் ஹேக் நகரின் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. வரைவேட்டின் படங்களை அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் எவரும் காணலாம். ஒல்லாந்த மொழி கற்ற தமிழாய்வாளர் ஒருவர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து, தாள் தாளாக உடை, அணி, முடி, சுமை ஆகியவற்றை ஒப்பிட்டால் இங்கு ஊகமாகக் கூறியதைச் சோதிக்க இயலும். காது வளர்த்தல், புடவைக்கட்டு, குடுமியின் சாய்வு போன்றவற்றைத் தஞ்சைப் பகுதியின் சமகாலச் சிற்பங்களோடும் சுவரோவியங்களோடும் ஒப்பிடும் பணியை ஒல்லாந்த மொழி அறியாதவரும் தொடங்கலாம். அத்தகைய ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்றை மனித உருவத் தாள்களிலிருந்து தொகுக்கத் தொடங்கியுள்ளேன்.